முப்பத்தேழாம் பக்கத்து வாக்கு

நாடாளுமன்றத்தில் குறிப்பெடுப்பவர்களுக்கு முகம் இருக்கக் கூடாது என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்வார். யார் கத்தினாலும், யார் அழுதாலும், நாற்காலியே பறந்தாலும், எங்கள் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. கில் ஓக்ரான் அக்காவுக்கு அது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. ஒருமுறை இரண்டு கட்சி உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஆறடி தள்ளி உட்கார்ந்து, அவர்கள் வாயிலிருந்து வந்த வசவுகளை ஒன்று விடாமல் சுருக்கெழுத்து இயந்திரத்தில் அடித்து முடித்துவிட்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"அந்த வழுக்கைத்தலைக்காரர் ரெண்டாவது தடவை சொன்னது 'நாயே'வா, 'நீயே'வா? உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"நாயேன்னுதான்க்கா கேட்டுச்சு."

"எனக்கும் அப்படித்தான். சரி, நாயேன்னே இருக்கட்டும்."

நான் போங் யங்சுன். தென் கொரியத் தலைநகர் சியோலில், யோயிதோ தீவில், பச்சைக் குவிமாடம் போட்ட அந்தக் கட்டடத்தில், அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் பதினான்கு வருடம் உட்கார்ந்தவள். நாங்கள் இரண்டு பேராகத்தான் உட்காருவோம். கால் மணி நேரம் ஆனதும் அடுத்த ஜோடி வரும். நாங்கள் கீழே போய் ஒலிநாடாவைப் போட்டு, அடித்ததைச் சரிபார்ப்போம். எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் பாதுகாப்புக் குழுதான் வாய்த்தது. அங்கே அடிக்கடி வரும் சொற்களுக்கு நாங்கள் சுருக்கம் வைத்திருந்தோம். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே' என்பதற்கு ஒரு தட்டு. 'கொரிய–அமெரிக்கக் கூட்டணி' என்பதற்கு ஒரு தட்டு. "இந்த ரெண்டையும் எடுத்துட்டா மிச்சம் ஒரு பக்கம்கூடத் தேறாது," என்பார் அக்கா.

அவர் பிறந்தது சோர்வோன். எல்லை முள்வேலிக்கு இந்தப் பக்கம் நெல் விளைகிற ஊர். காற்று திரும்பினால் வட கொரியா வைத்த ஒலிபெருக்கியின் பாட்டு வயலில் கேட்குமாம். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது அண்ணன் வியட்நாமுக்குப் போனார். அமெரிக்கா கேட்டது, நம் அரசு அனுப்பியது. ரோடு போடுகிற படை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அங்கே காடுகளில் தெளித்த விஷ மருந்தால், திரும்பி வந்தவருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்துகொண்டே இருந்தது. வெயில் காலத்தில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு கிடப்பார். நாற்பத்தோரு வயதில் போய்விட்டார். இதையெல்லாம் அக்கா என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார், அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றபடி, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

அமெரிக்கா மறுபடி கேட்ட வருடம் வந்தது. மேற்கு ஆசியாவில் ஒரு போர். பெரிய சண்டை ஓய்ந்துவிட்டது, கிணறு தோண்டவும் பாலம் கட்டவும் பொறியாளர் படை அனுப்புங்கள் என்றார்கள். அரசு சரியென்றது. ஆனால் வெளிநாட்டுக்குப் படை போக வேண்டுமானால் நாடாளுமன்றம் சம்மதம் தர வேண்டும். அரசியல் சட்டம் அப்படி. சம்மதம் கேட்கும் தீர்மானம் முதலில் எங்கள் குழுவுக்குத்தான் வர வேண்டும்.

அது வருவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, மாபோவில் இருந்த அக்கா வீட்டுக்கு நான் சாப்பிடப் போயிருந்தேன். அவருடைய கணவர் மா சாங்பில் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரே மகன் தோங்ஹா, இருபத்திரண்டு வயது, ஹோங்சோனில் பொறியாளர் படையில் கட்டாயச் சேவையில் இருந்தவன், விடுப்பில் வந்திருந்தான். கிம்ச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாதிச் சோற்றில் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"அம்மா, ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"வெளிநாடு போற படைல சேரப் பெத்தவங்க சம்மதம். அது இல்லாம பேரையே எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

அக்கா படித்தார். பிறகு கணவரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இங்க உனக்கு என்னடா குறைச்சல்? இன்னும் ஒண்ணேகால் வருஷம். முடிச்சுட்டு வந்து காலேஜுக்குப் போக வேண்டியதுதானே?"

"பத்துப் பேர் எழுதிக் குடுத்தா ஒருத்தனுக்குத்தான்பா கிடைக்குது. எங்க படைப்பிரிவுல எல்லாரும் குடுத்துட்டாங்க. கிணறு தோண்டத்தான் போறோம். சண்டைக்கில்ல."

"உங்க பெரிய மாமாவும் ரோடு போடத்தான் போனாரு."

"அந்தக் காலம் வேறப்பா. இப்ப..."

"என்னடா வேற? கேக்கறவன் அதே ஆளு. போறது அதே ஏழை வீட்டுப் பிள்ளைங்க."

எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. அக்காதான் சொன்னார்:

"தீர்மானமே இன்னும் வரலையேடா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நீதான் அங்கயே இருக்கியேம்மா. சீக்கிரம் கையைத் தூக்கச் சொல்லு அவங்கள." பையன் சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவரைக் காணவில்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தார். வியட்நாமுக்குப் படை அனுப்பியபோது நடந்த கூட்டங்களின் குறிப்பை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து நின்றார். விரலெல்லாம் பழைய காகிதத் தூசு.

"அத்தனை பக்கத்தையும் படிச்சேன், யங்சுன். கூட்டணி இருக்கு. கௌரவம் இருக்கு. நன்றிக்கடன் இருக்கு. போறவங்க எப்ப திரும்பி வருவாங்கன்னு ஒரு ஆள் கேக்கலை. கேக்க வேண்டிய எதிர்க்கட்சிக்காரங்க நாற்காலி காலியா இருந்திருக்கு."

"இந்தத் தடவை கேப்பாங்கக்கா."

"பாக்கலாம்."

கேட்டார்கள். தோ யங்பே என்ற கிழவர், எதிர்க்கட்சி. தென்கோடியில் மீன்பிடி ஊர்களிலிருந்து வந்தவர். காது மந்தம், அதனால் எப்போதும் சத்தமாகப் பேசுவார். தீர்மானத்தைத் தூக்கிப் பிடித்தவர் மேங் சேர்யுல். முன்னாள் தூதரக அதிகாரி, நல்ல உயரம், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பேசினால் எங்களுக்கு வேலை சுலபம். வாக்கியங்கள் முழுசாக முடியும்.

அன்று எங்கள் கால் மணி நேரத்தில்தான் அது நடந்தது. மேங் சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்பது வருஷமா எல்லையில அவங்க பசங்க நமக்காக நிக்கறாங்க. இப்ப அவங்க ஒரு உதவி கேக்கறாங்க. இல்லேன்னு சொன்னா, நாளைக்கு வடக்க ஒரு பிரச்சினை வரும்போது எந்த முகத்தோட போய் நிப்போம்?"

தோ மேசையைத் தட்டினார். "நம்ம வீட்டுக்குக் காவல் வேணும்கறதுக்காக அடுத்த வீட்டுச் சண்டைக்குப் பிள்ளைய அனுப்பறோம். சரி, அனுப்புங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். கிணறு தோண்டப் போனவன் கையில துப்பாக்கியக் குடுத்து வாசல்ல நிக்க வெச்சா, அவனை யார் திருப்பிக் கூட்டிட்டு வருவா? அமெரிக்காவா? அமைச்சரா? யாருன்னு பேர் சொல்லுங்க."

பாதுகாப்பு அமைச்சகத்து அதிகாரி ஏதோ விளக்கத் தொடங்கினார். மேங் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"பேர்தானே வேணும்? நான் சொல்றேன். இந்தப் படை சண்டை வேலைக்கு இழுக்கப்பட்டா, அன்னைக்கே திரும்பக் கூப்பிடணும்னு நானே தீர்மானம் கொண்டுவருவேன். மேங் சேர்யுல். பதிவுல ஏறட்டும்."

தோ உட்கார்ந்துவிட்டார். குழுவில் தீர்மானம் தேறியது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்காவின் விரல்கள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன. அவர் கைப்பை நாற்காலிக் காலோடு சாய்ந்திருந்தது. அந்தத் தாள் அதற்குள் கையெழுத்தில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை மேங்கின் உதவியாளர் எங்கள் அறைக்கு வந்தார். திருத்தக் கோரிக்கைப் படிவம் நிரப்பியிருந்தார். 'கொண்டுவருவேன்' என்பதை, 'கொண்டுவருவது குறித்துப் பரிசீலிக்கலாம்' என்று மாற்ற வேண்டுமாம். எங்கள் விதி சின்னது. பேசியவர் சொல்லைத் திருத்தலாம், பொருளைத் திருத்தக் கூடாது.

பிரிவுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு வினைச்சொல்தானேம்மா. பெரிய மனுஷர் கேக்கறாரு."

"வினைச்சொல்தான் சார். அதுல என்ன செய்யப் போறார்னு இருக்கு," என்றார் அக்கா.

"நாடா தெளிவா இருக்கா?"

"கேளுங்க." அக்கா பொத்தானை அழுத்தினார். மேங்கின் குரல் அறை முழுக்கக் கேட்டது. உதவியாளர் தரையைப் பார்த்தார்.

மதியம் மேங்கே இறங்கி வந்தார். உறுப்பினர்கள் யாரும் எங்கள் தளத்துக்கு வருவதில்லை. கதவருகில் நின்று, தாழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மா, நான் ஆவேசத்துல சொன்ன வார்த்தை அது. கூட்டாளி நாட்டுக்கு அது வேற மாதிரி கேக்கும். நாம போகும்போதே திரும்பற வழியைப் பேசறோம்னு ஆயிடும். இதுல எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்குன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"அப்புறம் என்ன? உங்களுக்கு இதுல என்ன இருக்கு?"

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன். 'பதிவுல ஏறட்டும்'னும் நீங்கதான் சொன்னீங்க. அதையும் அடிச்சிருக்கேன்."

மேங் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் இல்லை, கணக்கில் வராத ஒன்றைப் பார்க்கிற மாதிரி. பிறகு தலையை லேசாகக் குனிந்துவிட்டுப் படியேறிப் போனார். திருத்தப் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான்காவது கூட்டம், முப்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. அப்படியே அச்சானது.

"ஏன்க்கா சொல்லலை, பையன் போறான்னு?"

"சொல்லியிருந்தா அம்மாக்காரி அடம் பிடிக்கறான்னு ஆயிடும். அப்புறம் அந்தப் பக்கத்தை யாரு நம்புவா?"

அடுத்த வாரம் முழு அவையில் வாக்கெடுப்பு. சுவரில் பெரிய பலகையில் பெயர்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் எரிந்தன. பச்சைதான் அதிகம். அவைத் தலைவர் சுத்தியலை மூன்று முறை தட்டினார். அன்று மாலை, உடை மாற்றும் அறையில், இரும்பு அலமாரிக் கதவின்மேல் தாளை வைத்து அக்கா கையெழுத்துப் போட்டார். பேனா அந்த வழவழப்பில் சரியாக எழுதவில்லை. இரண்டு முறை மேலேயே எழுதினார்.

"எங்க அண்ணனுக்கு யாரும் ஒரு வார்த்தை குடுக்கலை. இவனுக்கு ஒரு வார்த்தை இருக்கு," என்றார். சாங்பில் அண்ணன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது.

தோங்ஹா போனான். முதல் ஆறு மாதம் நல்ல செய்திதான். கிணற்றில் தண்ணீர் வந்தது, ஊர்ப் பிள்ளைகள் இவனைக் கொரியன் என்ற பொருளில் 'கூரி, கூரி' என்று கூப்பிடுகிறார்கள், இவன் தங்கியிருக்கிற கூடாரத்தில் பியோ கிசோக் என்று ஒருவன் இருக்கிறான், சுங்ஜூ ஊர் ஆப்பிள் தோட்டக்காரன், குறட்டை தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவான். திங்கள் காலை அக்கா அதை எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுவார், அவனைப் போலவே குரலை மாற்றி.

அடுத்த வருடம் பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் எதையும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

"கிணறு வேலையை நிறுத்திட்டாங்களாம். நெடுஞ்சாலைல சாமான் லாரிங்க போகும்போது முன்னாடி பின்னாடி காவலுக்குப் போறாங்களாம். 'ஒத்துழைப்பு'ன்னு பேர் வெச்சிருக்காங்களாம்."

"அக்கா, இது... அந்த வாக்கியம்..."

"தெரியும்."

"யாருகிட்டயாவது சொல்லலாமில்ல? தோ ஐயாகிட்ட?"

"அவர் தேர்தல்ல தோத்துட்டாரே."

"வேற யாராவது?"

அவர் தலையை அசைத்தார். "நாம சொல்லக் கூடாது, யங்சுன். நாம வாயைத் திறந்தா நாளைக்கு எந்தக் கட்சிக்காரனும் நம்ம குறிப்பை நம்ப மாட்டான். அமைச்சகம் அறிக்கை குடுக்கும். குழு கேக்கும். அதுக்குத்தானே குழு."

குழு கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்க உறுப்பினர்களுக்குள் வேறு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வாரம் அக்கா பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். அதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை. அந்த வாரங்களில் அவர் அடித்த பக்கங்களில் முதல்முறையாகப் பிழைகள் இருந்தன. நான் சத்தமில்லாமல் திருத்தி வைத்தேன்.

ஆறாவது வாரம், சாலையோரம் புதைத்திருந்த வெடியில் முன்னால் போன வண்டி சிக்கியது. ஒருவன் இறந்தான், மூன்று பேருக்குக் காயம். வானொலியில் பெயர் சொல்லும்வரை அக்கா சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறந்தவன் பியோ கிசோக். தோங்ஹா இரண்டாவது வண்டியில் இருந்தான். அவன்தான் கிசோக்கைத் தூக்கியிருக்கிறான்.

கிசோக்கின் அம்மா ஏப்ரல் மாதம் வந்தார். நாடாளுமன்றத்துக்குப் பின்னால் ஆற்றங்கரைச் சாலையில் செர்ரி பூத்து, ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பிரதான வாசலில் ஒரு சின்ன உருவம், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றது. 'கிணறு தோண்டப் போன என் மகன் ஏன் சாலையில் செத்தான்?' யோம் புன்னம் என்று பெயர். தோட்டத்து வேலையால் கருத்த முகம். பூப் பார்க்க வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்; ஒரு ஜோடி அவர் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டது. கூட்டமாகப் போராட அங்கே அனுமதி கிடையாது, ஒற்றை ஆள் நிற்கலாம். அவர் மூன்று நாள் ஒற்றை ஆளாக நின்றார்.

மூன்றாம் நாள் மதியம் அக்கா, "என்கூட வா," என்றார். ஒரு குடுவையில் பார்லித் தேநீர் எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய், அடையாள அட்டையைக் கழற்றாமலே, அந்த அம்மா முன்னால் நின்று குனிந்து வணங்கினார்.

"நான் உள்ள குறிப்பெடுக்கறவ. நூலகத்துக்குப் போங்க. யார் வேணா போகலாம். போன வருஷத்துப் பாதுகாப்புக் குழு, நாலாவது கூட்டம்னு கேளுங்க. முப்பத்தேழாம் பக்கம். அதை நகல் எடுத்துக்கிட்டுக் குழு உறுப்பினர் யாரையாவது பாருங்க. சொக் மிரான்னு புதுசா வந்திருக்காங்க, அவங்க ஜனங்களைப் பாப்பாங்க."

அந்த அம்மா தேநீரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நன்றிங்க. ரொம்ப நன்றிங்க. மூணு நாள்ல நீங்க ஒருத்தர்தான்..."

"இருங்க. இன்னொண்ணு இருக்கு." என்றார் அக்கா. "என் பையனும் அங்கதான் இருக்கான். உங்க பையன் கூடாரத்துலதான். ரோட்டுக் காவலுக்கு மாத்திட்டாங்கன்னு, வெடி வெடிக்கறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் இருக்கறதும் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லலை."

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

அந்த அம்மா கையிலிருந்த தேநீரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்க பையன் உசிரோட இருக்கானா?"

"இருக்கான்."

அவர் குடிக்காத தேநீரை நடைபாதை விளிம்பில் வைத்தார். அட்டையைச் சரி செய்துகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். நாங்கள் உள்ளே வந்தோம். அக்கா கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நான் வெளியே காவல் நின்றேன்.

பத்து நாளில் குழு கூடியது. அப்போது மேங் சேர்யுல்தான் குழுத் தலைவர். பார்வையாளர் வரிசையில் யோம் அம்மா கறுப்புச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். சொக் மிரான் எழுந்து, அமைச்சரிடம் எதுவும் கேட்காமல், நேராகத் தலைவர் பக்கம் திரும்பி, யோம் அம்மா கொண்டுவந்து தந்த நகலைப் படித்தார். அந்த வாக்கியம் முழுவதையும், 'பதிவுல ஏறட்டும்' வரைக்கும். எங்கள் முறை முடிய நான்கு நிமிடம் இருந்தது.

"இது தலைவர் அவர்கள் பேசினதுதானே?" என்று கேட்டார்.

அமைச்சகத்து ஆட்கள் தாள்களைப் புரட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். மேங்கின் பார்வை ஒரு கணம் எங்கள் மேசைக்கு வந்து போனது. குறிப்பில் மௌனத்தை அடிக்க வழியில்லை. விரல்களைச் சாவிகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒலிநாடாவில் பின்னால் அளந்து பார்த்தேன், நாற்பத்திரண்டு விநாடி.

"ஆமா. நான்தான் சொன்னேன்," என்றார் மேங்.

அமைச்சர் குறுக்கிட்டார். காவலை இப்போது நிறுத்தினால் கூட்டணிக்குப் பெரிய காயம், வடக்கு இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிற நேரம் என்றார். மேங் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அமைச்சரே, நானும் முப்பது வருஷம் இந்தப் பேச்சைத்தான் பேசினேன். கூட்டாளிக்கு நாம குடுத்த வாக்கு முக்கியம். அதே மாதிரி, பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கும்போது நாம குடுத்த வாக்கும் முக்கியம். ரெண்டையும் காப்பாத்த முடியலைன்னா முதல்ல எதைக் காப்பாத்தணும்னு எனக்கு இன்னைக்குச் சந்தேகம் இல்லை."

முழுசாகத் திரும்ப அழைக்கும் தீர்மானமாக அது வெளியே வரவில்லை. மூன்று வாரம் இழுபறி. கடைசியில் வந்தது இதுதான்: சாலைக் காவல் உடனே நிற்க வேண்டும்; படை பாதியாகக் குறைய வேண்டும்; மிச்சம் இருப்பவர்கள் வருடக் கடைசிக்குள் திரும்ப வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைச்சகம் குழுவுக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். மேங் அதைத் தன் பெயரில்தான் கொண்டுவந்தார். அவர் கட்சி அடுத்த தேர்தலில் அவருக்கு இடம் தரவில்லை. கூட்டணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடமும் மார்ச் மாதக் கூட்டு ராணுவப் பயிற்சி எப்போதும்போல நடந்தது.

வாசலில் அக்கா பேசியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பிரிவுத் தலைவர் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னீங்களா, இல்லையா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மூடிடறேன்."

"சொன்னேன் சார்."

"அது பொதுக் குறிப்புதான். யார் வேணா படிக்கலாம். ஆனா நாம வழிகாட்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதனாலதான் அஞ்சு வாரம் வாயை மூடிட்டு இருந்தேன். அதுக்கும் ஏதாவது தண்டனை இருந்தா சேத்து எழுதிடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அக்காவைக் குறிப்பெடுக்கும் வேலையிலிருந்து நீக்கி, நூலகத்துக் கீழ்த்தளத்தில் பழைய குறிப்புகளைத் தேடிப் பிடிக்க உதவும் பொருளடைவு தயாரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சன்னல் கிடையாது. எனக்குப் பக்கத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். ஆனால் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

தோங்ஹா நவம்பரில் வந்தான். உடம்பில் காயம் எதுவும் இல்லை. அங்கே நடந்ததை அம்மாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. கல்லூரிக்குத் திரும்பவில்லை, மின்தூக்கி பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்தான். கூட்டமான இடத்தில் ஏறியிருக்கிற வண்டி மெதுவாகப் போனால் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவான் என்று சாங்பில் அண்ணன் சொன்னார். ஒருமுறை அவர் ஓட்டிய பேருந்திலிருந்தே இறங்கிவிட்டானாம்.

கீழ்த்தளத்தில் அக்கா பதினோரு வருடம் இருந்தார். யாரும் கேட்காமலே ஒரு வேலை செய்தார். நாடு பிறந்த நாளிலிருந்து, வெளிநாட்டுக்குப் படை, கப்பல், ஆயுதம் எது அனுப்புவதற்கும் நாடாளுமன்றம் சம்மதம் தந்த ஒவ்வொரு கூட்டத்தையும் எடுத்து, யார் என்ன கேட்டார், யார் என்ன வாக்குத் தந்தார், என்ன நிபந்தனை போட்டார்கள், அது நடந்ததா என்று தேதியும் பக்கமும் போட்டுப் பொருளடைவு ஆக்கினார். கேள்வியே கேட்காத கூட்டங்களுக்கும் ஒரு வரி உண்டு: 'கேள்வி இல்லை.' இன்று கூட்டணி சம்பந்தமாக எது வந்தாலும் உறுப்பினர்களின் உதவியாளர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். அட்டையில் அவர் பெயர் கிடையாது. பிரிவின் பெயர்தான் இருக்கிறது. ஒரு இளம் உதவியாளன் என்னிடம் அதைக் காட்டி, "இதை யாரு பண்ணாங்க மேடம், இவ்வளவு பொறுமையா?" என்று கேட்டான். நான் பெயரைச் சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான்.

அவர் ஓய்வு பெற்ற வருடம்தான் தோங்ஹாவுக்குக் கல்யாணம். அழைப்பிதழ்களில் ஒன்று சுங்ஜூவுக்குப் போனது. அனுப்பியது தோங்ஹா. அக்காவிடம் சொல்லாமலே அனுப்பியிருந்தான்.

யோம் அம்மா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நல்ல சாம்பல் நிற உடை உடுத்தியிருந்தார். சடங்கு முடிந்து எல்லாரும் கல்யாண நூடுல்ஸ் சாப்பிடக் கீழே போனபோது, ஓர் ஓர மேசையில் தனியாக உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்த்துவிட்டார். கொரிய மரபு உடையான ஹன்போக்கின் பாவாடையை ஒரு கையால் பிடித்தபடி, தண்ணீர்க் குடுவையோடு கூடத்தின் மறுமுனையில் நின்றுவிட்டார்.

"போய்ப் பேசுங்கக்கா," என்றேன்.

"வேண்டாம். அவங்க என்னைப் பாக்க வரலை."

தோங்ஹா சட்டையில் குத்திய பூவைக் கழற்றாமல் நேராக அந்த மேசைக்குப் போனான். அவர் எதிரில் உட்கார்ந்தான். அரைமணி நேரம் பேசினார்கள். அவன் கைகளை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினான்; அந்த அம்மா ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது அக்கா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். தலையை அசைத்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அக்கா குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

பையன் திரும்பி வந்ததும் அக்கா கேட்டார்: "என்னடா பேசினீங்க இவ்வளவு நேரம்?"

"கிசோக் அங்க எப்படித் தூங்கினான்னு கேட்டாங்கம்மா. நல்லாத் தூங்கினானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கூடாரமே ஆடற மாதிரி குறட்டை விடுவான், ஒரு ராத்திரிகூட முழிச்சுக் கிடந்ததில்லைன்னு சொன்னேன்." அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். "அவங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியணுமாம்."

அக்கா மகனின் சட்டையில் சரிந்திருந்த பூவை நேராகக் குத்திவிட்டார். மணப்பெண்ணின் உறவுக்காரர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். இருவரும் போய் வரிசையில் நின்றார்கள்.